முதற் பிரயாணம் தீவுக்காகட்டும்: அரியாலைப் புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அரியாலையிலும், அரியாலையைத் தாய்தந்தையர் ஊராகக் கொண்டு ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் முதலிய தூரத்து நகரங்களிலும் வாழ்ந்து, இவ்வருஷத்தில் மணமாலை சூடிக்கொண்ட, அல்லது சூடிக்கொள்ளவிருக்கும் பிள்ளைகளே,

உங்களிற் சிலருடைய விவாகத்துக்கு நான் நேரில் வந்து அறுகரிசி இட்டு வாழ்த்தியிருக்கிறேன். வேறு சிலருடைய விவாகம் கடல் கடந்த நகரங்களின் மண்டபங்களில் நடந்தமையால், கைத்தொலைபேசியின் சிறு திரையில் அதைக் கண்டு, சித்திவிநாயகப் பெருமானை நினைந்து இருந்த இடத்திலிருந்தே வாழ்த்தினேன். இரு திறத்தாருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று நெடுநாளாக என் மனத்திலிருக்கிறது. சடங்குகளெல்லாம் முடிந்த பின்னர் நீங்கள் இருவரும் தனியே செய்யப்போகும் முதற் பிரயாணத்தைப் பற்றியது அது. ஒவ்வொரு வீடாக வந்து சொல்ல இயலாமையாலும், சொன்னாற் சொந்த வீட்டு விஷயத்தில் தலையிடுவதாகத் தோன்றுமென்பதாலும், எல்லோருக்குமாக இம்மடலை எழுதுகிறேன்.

நம்மூர்க் கலியாணத்தில் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் தனிமை என்பது கிடைத்தற்கரிய பொருள். பொன்னுருக்கில் தொடங்கி, தாலிகட்டு, கால்மாறிப் போதல், நாலாம் சடங்கு என்று ஒன்றையொன்று தொடர்ந்து வரும் சடங்குகளிலும், அவற்றின் பின்னே பெரியம்மா வீடு, மாமா வீடு, சித்தப்பா வீடு என்று வாரக்கணக்கில் நீளும் விருந்துகளிலும், அவ்விருவரும் எப்பொழுதும் பலர் நடுவிலேயே அமர்ந்திருக்கிறார்கள். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. யுத்தத்தினால் உலகெங்கும் சிதறிப்போன ஒரு சுற்றம் ஒரு கூரையின் கீழ்க் கூடுவதற்குக் கலியாணத்தை விட்டால் வேறு சுபசந்தர்ப்பம் நமக்கு அதிகமில்லை. அந்தக் கூட்டத்தையும் கலகலப்பையும் இழந்துவிட நான் ஒருபோதும் சம்மதியேன். ஆயினும், குறிப்புப் பொருத்தம் பார்த்துச் சில சந்திப்புகளின் பின்னோ, திரை வழியே நடந்த சில மாதத்துச் சம்பாஷணையின் பின்னோ கைப்பிடித்த இருவர், தாயும் தமக்கையும் பக்கத்தில் இல்லாமல் ஒருவரையொருவர் முதன்முதலாக அறியத் தொடங்குவது அந்தப் பிரயாணத்திலேதான். ஆகவே அதை எங்கே செய்வது, எவ்வாறு செய்வது என்பது, மண்டபத்தையும் புகைப்படக்காரரையும் தெரிவு செய்வதிற் காட்டும் சிரத்தையிற் பாதியேனும் பெறத் தக்க விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

இக்காலத்தில் அந்தப் பிரயாணம் பெரும்பாலும் வெப்ப வலயத்துத் தீவு ஒன்றையே நாடிச் செல்கிறது. பாலித் தீவுக்குப் போனவர்களும், மாலைதீவுக்குப் போனவர்களும் உங்கள் நண்பர்களுள் இருப்பார்கள். மாலைதீவில் 1972ஆம் ஆண்டில் முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதன் பின்னர் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறை அங்கே வேரூன்றி, உலகத்தின் நாலா திசைகளிலுமிருந்தும் புதுமணத் தம்பதிகளை ஈர்த்து வருகிறது. அந்தக் கடலின் நீலத்தையும் மணலின் வெண்மையையும் நான் மறுக்கவில்லை; உழைத்துச் சேர்த்த பணத்தை அங்கே செலவிடுகிறவர்களைப் பழிக்கவும் எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அம்முறையின்படி விருந்தாளி தங்கும் தீவு ஒன்று, ஊரவர் வாழும் தீவு வேறொன்று. வேண்டியதெல்லாம் வேண்டுமுன்னே வந்து சேருகிற, யாருக்காகவும் காத்திருக்க நேராத, வாசலுக்கு வெளியே அயலவர் எவரும் இல்லாத ஓரிடத்தில், இருவர் ஒருவரையொருவர் ரசிக்கலாம். ஆனால் அறிந்துகொள்வதற்கு அங்கே வாய்ப்புக் குறைவு. ஒரு மனிதர் நம்மிடம் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்பது கலியாணத்துக்கு முன்னரே நமக்குத் தெரிந்துவிடுகிறது. படகு தாமதமாகும்போது அவர் முகம் எப்படியாகிறது, கிழவியொருத்தி ஏறும்போது தம் இருக்கையை விட்டு எழுகிறாரா, தண்ணீர் அரிதான இடத்தில் எவ்வளவு நீரிற் குளிக்கிறார், அறியாத ஊரவர் ஒருவர் தேநீருக்கு அழைத்தால் எந்தக் குரலில் விடை சொல்கிறார் என்பவை, பிறர் வாழ்க்கை நடக்கும் இடத்திலேதான் தெரியவரும். நாற்பது ஐம்பது வருஷம் கூடி வாழப்போகிறவர்களுக்கு அவசியமான அறிவு இதுவே.

ஆகையால் என் வேண்டுகோள் இது: உங்கள் முதற் பிரயாணம் தீவுக்கே ஆகட்டும்; அத்தீவு நம் கண்ணெதிரே கிடக்கும் நயினாதீவும் நெடுந்தீவுமாக இருக்கட்டும்; காலையிற் போய் மாலையில் ஓடி வந்துவிடாமல், நெடுந்தீவில் இரண்டு இரவாவது தங்குங்கள்.

இதை ஒரு புதிய யோசனை என்று நான் உரிமை பாராட்டவில்லை. கலியாணம் முடிந்த கையோடு நயினை நாகபூஷணி அம்மனிடம் போய் வருவது நம் குடும்பங்களிற் பலகாலமாக உள்ள வழக்கம். நீங்களும் போகத்தான் போகிறீர்கள். ஆனால் வாடகை வான் ஒன்றில் பன்னிரண்டு பேரோடு போய், அருச்சனை செய்து, வெயில் ஏறுமுன்னே திரும்பிவிடுவீர்கள். அந்தப் பிரயாணத்தையே இருவராக, நிதானமாக, அதற்கு அப்பாலும் ஒரு மணி நேரத்துக் கடல் தூரம் நீட்டிச் செய்யுங்கள் என்பதே நான் கேட்பது.

ஒரு தம்பதியின் கதையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஸர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, எத்தெல் என்னும் ஆங்கிலப் பெண்ணை 1902இல் விவாகம் செய்துகொண்டு, அதையடுத்து அவரோடு இலங்கைக்கு வந்து, கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணிபுரிந்தார். பாறைகளையும் தாதுக்களையும் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்ற அவ்விருவரும், சென்ற இடங்களிலெல்லாம் கொல்லரையும் தச்சரையும் நெசவாளரையும் ஓவியரையும் கண்டு, அவர்கள் தொழிலின் நுட்பங்களைக் கேட்டறிந்தனர். கணவர் எழுத, மனைவி புகைப்படம் பிடித்தார். அதன் பயனாக 1908இல் வெளிவந்ததே மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அந்தப் பெருநூல். பின்னாளில் அவ்விருவரும் பிரிந்துவிட்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் கூடிக் கண்டவை நூறு வருஷம் கடந்த பின்னும் அழியாமல் இருக்கின்றன. நீங்கள் நூல் எழுத வேண்டுமென்பதில்லை. ஒரே பொருளை இருவர் கூடி, பொறுமையோடு பார்க்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்படுத்திக்கொண்டால் போதும்.

இனி வழியைச் சொல்கிறேன். அரியாலையிலிருந்து கண்டி வீதி வழியே யாழ்ப்பாண நகருக்கு வந்து, அங்கிருந்து குறிகட்டுவானுக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறுங்கள். சொந்த வாகனம் இருந்தாலும் பஸ்ஸிலேயே போங்கள் என்பது என் ஆலோசனை. தீவுப்பகுதி மக்களோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட அமர்ந்து செல்வதே பிரயாணத்தின் முதற் பாகம். பண்ணைப் பாலத்தைக் கடந்தவுடன் இரு மருங்கும் பரவைக்கடல் விரியும். ஆழமில்லாத நீரில் தடிகளை நாட்டிக் கட்டிய களங்கண்ணி வலைகளும், பருவகாலமாயின் கூட்டங் கூட்டமாக நிற்கும் பூநாரைகளும் தெரியும். அரியாலைப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி புதிதன்று. நம்மூரின் தெற்கெல்லையிலும் இதே கடல்தான். கிழக்கு அரியாலைக் கரையில் நின்றால் பூநகரிப் பக்கம் தெரிகிறது. எனினும் நாம் அந்தக் கடலை எதிர்நோக்கி வாழ்ந்தோமேயன்றி, அது எங்கே சென்று முடிகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தவர்கள் சிலரே. வேலணையைத் தாண்டி, வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குள் புகும்போது, கதவும் கூரையும் இல்லாமல் நிற்கும் பெரிய கல்வீடுகளைக் காண்பீர்கள். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள் அவை. அவற்றின் உடையவர்களிற் பலர் உங்களைப் போலவே தூரதேசங்களில் வாழ்கிறார்கள். பஸ் அங்கே வேகமாகப் போய்விடும்; நீங்கள் கண்ணை எடுத்துவிடாதீர்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் முதலில் நயினாதீவுக்குப் படகேறுங்கள். கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பிரயாணம். அம்மன் கோவிலையும், அதற்குத் தெற்கே உள்ள நாக விகாரையையும் ஒரே தீவு தாங்கி நிற்கிறது. நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காகப் போரிட்டபோது புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் கூறும் இடம் இதுவென்பது பௌத்தர்களின் நம்பிக்கை. மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இதுவே என்று நம்மவர்களிற் பலர் கொள்வர். இந்த அடையாளத்தைப் பற்றிய ஆராய்ச்சியை வித்துவான்களுக்கு விட்டுவிட்டு, புதுமணத் தம்பதிகளாகிய நீங்கள் அக்கதையில் ஒன்றை மாத்திரம் கவனியுங்கள். மணிமேகலை அந்தத் தீவில் பெற்றுக்கொண்டது அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாமல் பிறர் பசியைத் தீர்ப்பதற்கான பாத்திரம். அந்தப் பெயரையே தாங்கிய அன்னதான மண்டபம் இன்றும் கோவிலின் அயலிலே இருக்கிறது. அங்கே யாரென்றும் எந்த ஊரென்றும் கேளாமல் இலை போடுகிறார்கள். நீங்கள் இருவரும் வரிசையில் அமர்ந்து உண்டபின், அனுமதி கேட்டு, ஒரு பந்திக்குப் பரிமாறிவிட்டு எழுந்திருங்கள். கலியாண மண்டபத்தில் மற்றவர்கள் உங்களுக்குப் பரிமாறினார்கள். இல்லறத்தின் முதல் உபசாரத்தை நீங்கள் இங்கே தொடங்கலாம்.

கோவிலிலே கல்வெட்டு ஒன்றும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய சாசனம் அது, தமிழிலே வெட்டப்பட்டிருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்திறங்கும் பரதேசிகளுக்கு இடுக்கண் நேராமல் காக்க வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கைத் திறைசேரி எடுத்து முக்காற்பங்கை உடையவனுக்கு விட்டுவிட வேண்டுமென்றும், வேறு சரக்கேற்றி வரும் கலமாயின் சரிபாதியாகப் பிரிக்க வேண்டுமென்றும் அதில் விதிக்கப்பட்டிருக்கிறது. கரையொதுங்கியதையெல்லாம் கண்டவன் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு காலத்தில், எல்லாம் இழந்து நிற்கும் அந்நியனுக்கு இவ்வளவு பங்கு உண்டு என்று கல்லில் எழுதிவைத்த கடல் இது. அந்நிய தேசங்களிலே அகதிகளாகப் போய் இறங்கி, அங்கே தமக்கென்று ஒரு பங்கு கிடைக்குமா என்று ஏங்கியவர்களின் மக்கள் உங்களிற் பலர். அந்தக் கல்லின் முன் சற்றே நில்லுங்கள்.

பின்னர் குறிகட்டுவானுக்கு மீண்டு, நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்த கடலிற் போக வேண்டும். வடதாரகை, குமுதினி என்னும் படகுகளின் பெயர் தீவாருக்குச் சொந்தப் பிள்ளைகளின் பெயரைப் போல. குமுதினியைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். உல்லாசப் பிரயாணத்துக்கு நடுவே துக்கத்தைச் சொல்வதா என்று தயங்கினேன், ஆனால் அறியாமற் போவது தகாது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். அந்தத் தீவின் மக்கள் அதன் பின்னும் அதே கடலை, வேறு வழியில்லாமல், அதே படகிலும் கடந்தார்கள்: ஆசுபத்திரிக்கும், பரீட்சைக்கும், கலியாணத்துக்கும். நீங்கள் கடற்காற்றிலே தலைமயிர் பறக்க மகிழ்ந்து செல்லும் அந்த ஒரு மணி நேரம், கூட வருகிறவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. படகிலே அவர்கள் மூட்டைக்கும், நோயாளிக்கும், பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கும் முதலிடம் கொடுங்கள். இடமில்லையெனில் அடுத்த படகுக்கு நில்லுங்கள். அந்தக் காத்திருப்பும் உங்கள் விடுமுறையின் ஒரு பகுதிதான்.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வாழ்பவர்கள் 4,000 அளவினர். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். மற்றவை வழக்கொழிய, டெல்ஃப்ற் என்பது மாத்திரம் நெடுந்தீவுக்கு இன்றும் அரசாங்கக் காகிதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாவலித்துறையில் இறங்கியவுடன் உங்கள் கண்ணில் முதலிற் படுவது மதில்கள். அரியாலையிலே கிடுகு வேலியும் பனையோலை வேலியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவை ஆச்சரியம் தரும். தீவே முருகைக்கல்லின் மேல் கிடக்கிறது. நிலத்தை உழுதாலும் தோண்டினாலும் கல்லே வருகிறது. வந்த கல்லை வீசியெறியாமல், சாந்தும் சுண்ணமும் சேர்க்காமல், ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை எல்லையிட்டிருக்கிறார்கள். ஒரு கல்லின் குழிவில் இன்னொரு கல்லின் முனை இருக்கும்படி பார்த்துப் பார்த்து வைத்தவை அவை. இடையிலே காற்றுப் புகுவதற்கு வழியுண்டு, அதனாலேயே சோளகம் அடித்தாலும் விழுவதில்லை. உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் பழங்காலத்துப் பவளப் பூச்சிகளின் நட்சத்திரக் குறிகள் தெரியும். இரண்டு மணி நேரம் வேறொன்றும் செய்யாமல், ஒரு துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு, அந்த மதில்களின் நடுவே நடந்து பாருங்கள். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதற்கு அதைவிட நல்ல வீதி யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரியாது.

பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி முச்சக்கர வண்டிக்காரத் தம்பிமார் தாமே சொல்வார்கள். ஆதலால் அதிகம் விவரியேன். பறங்கியர் காலத்ததென்றும் ஒல்லாந்தர் காலத்ததென்றும் சொல்லப்படும் கோட்டையின் சிதைவு, அதனருகே புறாக்கூடு, தெற்கு முனையில் மாலுமிகளுக்குக் குறியாக நின்ற இராணி கோபுரம், நல்ல தண்ணீர் ஊறும் சாராப்பிட்டிக் கிணறுகள் இவையெல்லாம் ஒரு நாளிற் பார்த்துவிடக்கூடியவை. மேற்குப் பக்கத்தில் வெடியரசன் கோட்டை என்று ஒரு கற்குவியல் காட்டுவார்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனோடு வெடியரசன் கடலிற் பொருதான் என்பது கதை. அதை வயதான ஒருவர் வாயாற் கேட்பதே சிறப்பு, புத்தகத்தில் வேண்டாம்.

ஆனால் பெருக்க மரத்தைப் பற்றியும் குதிரைகளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களைப் போன்ற இளந்தம்பதிகளால் அவற்றுக்குத் தீங்கு நேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். பெருக்க மரம் ஆபிரிக்காவுக்குரியது. பழைய காலத்து அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அடிமரம் பொந்தாகி, உள்ளே சிலர் நிற்கத்தக்க அறையாக இருக்கிறது. அந்த அறையின் சுவரெங்கும் கத்தியாலும் ஆணியாலும் கீறப்பட்ட பெயர்கள்; ஆண்பெயர் ஒன்று, பெண்பெயர் ஒன்று, நடுவே ஓர் அடையாளம். அன்பின் மிகுதியாற் செய்கிறோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். எனினும் மரத்துக்கு அது காயம். பல தலைமுறை கண்ட ஒரு ஜீவனின் உடம்பில் நம் பெயரை வெட்ட நமக்கு யார் உரிமை தந்தது? பிள்ளைகளே, உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த மரத்தைத் தொட்டு வணங்கிவிட்டு வாருங்கள், கீறாதீர்கள். மதிலிலிருந்து ஒரு முருகைக்கல்லையும் ஞாபகார்த்தமாக உருவிக்கொண்டு வராதீர்கள்.

குதிரைகள் விஷயமும் அவ்வாறே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவைக் குதிரை வளர்க்கும் பட்டியாக வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரி அதை மேற்பார்த்தார். ஆட்சிகள் போயின, குதிரைகள் கட்டுத்தறியின்றித் தெற்கு வெளியிலே தங்கிவிட்டன. 2015இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மாரி மழை பெய்து ஓய்ந்த தை, மாசி மாதங்களில் வெளியெங்கும் பசும்புல்லும் மழைக்குட்டைகளும் இருக்கும். குட்டியீன்ற தாய்க் குதிரைகள் நீரோரம் நிற்கும். அதே வெளி ஆடி, ஆவணியில் வெடித்து வெளுத்துப்போய், தாகத்தினாற் குதிரைகள் சாவதும் உண்டு. அத்தகைய பிராணிகளை, விவாகப் புகைப்படத்துக்குப் பின்னணியாக ஓட வேண்டுமென்று வாகனத்தாற் கலைத்து விரட்டுவது பாவம். தூரத்தில் நில்லுங்கள், அமைதியாக இருங்கள். அவை தாமே தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும்.

போகத் தக்க காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பள்ளி விடுமுறையையும் நல்லூர்த் திருவிழாவையும் கருதி ஆடி, ஆவணியிலேயே வருகிறார்கள். அப்பொழுது சோளகக் காற்று பலமாக அடிக்கும். கடல் கொந்தளித்தாற் படகு ஓடாது, ஓடினாலும் பழக்கமில்லாதவர்கள் வாந்தியெடுத்துச் சோர்ந்துபோவார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஆகவே தைமாதக் கலியாணத்தவர்களுக்கு மாசியும் பங்குனியும் உத்தமம். ஆவணிக் கலியாணத்தவர்கள் அவசரப்படாமல் சில மாதம் பொறுத்துப் போங்கள். முதற் பிரயாணம் என்பதற்காகக் கலியாணத்துக்கு மறுநாளே போக வேண்டுமென்று சாஸ்திரமில்லை. சமையல் யார், கணக்கு யார் என்று ஒரு சிறு மனத்தாங்கல் வந்து தீர்ந்தபின் போவது இன்னும் நல்லது.

தங்குமிடம் ஆடம்பரமாக இராது. சில விருந்தினர் விடுதிகள் உண்டு. முன்னரே பேசி ஒழுங்குசெய்துகொள்ளுங்கள். இரவில் புழுக்கம் இருக்கலாம். நன்னீர் அங்கே விலைமதிப்பற்றது. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குகிற நகரத்துப் பழக்கத்தைக் குறிகட்டுவானிலேயே விட்டுவிடுங்கள். உணவு என்ன என்று முன்னதாகக் கேளாமல், அன்றைக்கு வள்ளத்தில் என்ன மீன் வந்ததோ அதை உண்ணுங்கள்; ஒடியற் கூழ் காய்ச்சித் தருவார்களானால் ஒரே சட்டியைச் சுற்றி வீட்டாரோடு கூட அமர்ந்து பிளாவிற் குடியுங்கள். பணத்தை அத்தீவிலேயே செலவிடுங்கள், புழுக்கொடியலும் பனாட்டும் பனங்கட்டியும் அங்குள்ள பெண்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்ரிக் போத்தல்கள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள், ஏனெனில் அங்கே எறிந்தது அங்கேயே கிடக்கும். மதுப் போத்தலோடு கடற்கரையிற் கூத்தாடும் கூட்டங்களைக் கண்டு தீவார் மனம் நொந்திருக்கிறார்கள். அரியாலைப் பிள்ளைகளால் அந்த நோவு கூடக்கூடாது.

இவ்வளவு அக்கறையோடு நான் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உங்கள் தாய்தந்தையருக்கு இப்படியொரு பிரயாணம் வாய்க்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் நம்மூரில் விவாகம் செய்தவர்கள், ஊரடங்குச் சட்டத்துக்கும் குண்டுவீச்சுக்கும் இடையிலுள்ள ஒரு முகூர்த்தத்தில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலே தாலி கட்டிக்கொண்டவர்கள். தீவுகளுக்குப் போகும் வழி அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. இளந்தம்பதிகள் பலர் இருவராகச் சேர்ந்து செய்த முதல் நெடும்பிரயாணம், 1995 ஒக்டோபர் முடிவில், மழையிலே, தலையிற் பெட்டியும் கையிற் குழந்தையுமாக, நம்மூரின் ஊடாகச் செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனசமுத்திரத்தோடு நகர்ந்த பிரயாணமே. அந்த இரவிலே ஒருவரையொருவர் அவர்கள் அறிந்துகொண்டார்கள், உண்மைதான். எந்தத் தம்பதியும் அப்படி அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் இனி வரலாகாது. காலையிற் படகேறி, பகலிலே மதிலோரம் நடந்து, இரவிலே கடலோசை கேட்டு, குறித்த நாளிலே திரும்பி வரலாம் என்ற நிச்சயம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நான் சிறிய பாக்கியமாக எண்ணவில்லை.

ஆகையினால் கடைசியாக ஒரு விண்ணப்பம். நீங்கள் நெடுந்தீவிலிருந்து திரும்பியவுடன் வீட்டில் அப்பாவையும் அம்மாவையும் இருத்தி, படங்களை மாத்திரம் காட்டாமல், கடல் எப்படியிருந்தது, யாரோடு பேசினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று முழுவதும் சொல்லுங்கள். அடுத்த பங்குனியில் அவர்கள் இருவரையும் அதே பஸ்ஸில் ஏற்றி, குறிகட்டுவானில் படகுக்காரரிடம் சொல்லி, நல்ல இருக்கை பார்த்து அமர்த்திவிட்டு, நீங்கள் கூடப் போகாமல் கரையிலேயே நின்றுவிடுங்கள். அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று அப்பா சொல்வார். தேசிக்காய் ஒன்றைக் கையிற் கொடுத்து அனுப்புங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஊரவன்,
அரியாலை.